மஞ்சள் அரைக்கும் மாதத்தை மறைத்தேன்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவள் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பதில் சொன்னேன். பயத்தாலோ மறதியாலோ அல்ல, பொறாமையால்.

பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு மா அரைக்கும் ஆலை இருக்கிறது. லா சப்பலின் தமிழ்க் கடைகளில் விற்கும் அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அரைக்கும் இயந்திரத்தின் மோட்டார் சற்று முனகினாலும் அதன் முதலாளி என்னைத்தான் அழைப்பார். ஊரில் நான் மின்பொறியியல் படித்தவன். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சென் தெனியில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தே ஓய்வு பெற்றேன். ஆனால் லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடையின் குளிர் அறை நின்றுவிட்டால், "அண்ணையைக் கூப்பிடு" என்பார்கள். என் படிப்புக்கு இந்த நகரத்தில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அதை நான் இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன்.

மின்கட்டணம் ஏறியபோது முதலாளி ஒரு நிறுவனத்தை அழைத்து ஆற்றல் தணிக்கை செய்யச் சொன்னார். எந்த மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை வீணாக்குகிறது என்று அளந்து சொல்வது அவர்கள் தொழில். வந்தவள் தமிழ்நாட்டுப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. அந்த நிறுவனத்தில் சோதனைக் காலத்தில் இருந்தாள். முதல் நாள் தேநீர் குடிக்கும்போது அவளே சொன்னாள்:

"நான் தனியா பண்ற முதல் ஆடிட் இது, அங்கிள். நல்லபடியா முடிஞ்சா வேலை பெர்மனென்ட் ஆயிடும். வீசாவும் அதை நம்பித்தான் இருக்கு."

ஆகவே அவளுக்கு எது முக்கியம் என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

மோட்டாருக்குப் போகும் கம்பிகளில் அளவுக் கருவியை மாட்டி, அது பதிவு செய்யட்டும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து பதிவைப் பார்த்தவள், "இந்த மோட்டாரை யார் செலக்ட் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"எங்கட அண்ணைதான்," என்றார் முதலாளி பெருமையாக.

"ரொம்பப் பெருசு சார். பாதி லோடுகூட இல்லாம ஓடிட்டிருக்கு. அதனாலதான் கரண்டு வீணாகுது. இதைவிடச் சின்னதா, நல்ல எஃபிஷியன்சி உள்ளதாப் போட்டா போதும்."

அவள் சொன்னது சரி. ஊரில் மாலையானால் மின்னழுத்தம் விழும், சிறிய மோட்டார் கருகும். அதனால் எந்த மோட்டார் வாங்கினாலும் "ஒரு சைஸ் கூடப் போடு" என்பது எங்கள் வழக்கம். மின்னழுத்தம் விழாத பாரிஸிலும் நான் அதையே செய்துகொண்டிருந்தேன். எவரும் கேள்வி கேட்டதில்லை.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்கோ அண்ணை, யானையைக் கட்டி வைச்சுக் கோழிக்குத் தீன் அரைச்சிருக்கிறம்!"

வேலையாட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி ஒரு கதிரையின் மாவைத் துடைத்து அவளுக்குப் போட்டு, "இருங்கோ மதாம் எஞ்சினியர்" என்றார். இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட என்னை அப்படி அழைத்ததில்லை. கதிரை துடைத்ததும் இல்லை. அன்று மெட்ரோவில் வரும்போது அந்த இரண்டு சொற்களும் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்தின.

அடுத்த முறை அவள் வந்தபோது முதலாளி வெளியே லொறியில் வந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் கேட்டாள்: "வருஷம் பூரா இதே லோடுதானா அங்கிள்? சீசன்ல கஷ்டமான சரக்கு ஏதாவது அரைப்பீங்களா?"

தைப்பொங்கலுக்கு முன் காய்ந்த மஞ்சள் மூட்டை மூட்டையாக வரும். கல் மாதிரி இருக்கும். அந்த ஒரு மாதம்தான் மோட்டாருக்கு உண்மையான சோதனை. அதை வேறு எவரையும்விட நன்றாக அறிந்தவன் நான்.

"இல்லைப் பிள்ளை. இஞ்சை அரிசியும் மிளகாயும்தான். வருசம் முழுக்க இதே கதைதான்."

"தேங்க்ஸ் அங்கிள்," என்றாள்.

முதலாளி அவளுடைய அறிக்கையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டும் பார்த்தார். மற்றதை நான் சொல்லியிருப்பேன் என்று நம்பினார். சிறிய மோட்டார் வந்தது, கட்டணமும் குறைந்தது. அவர் அவளைப் புகழ்ந்த போதெல்லாம் நான் மார்கழிக்காகக் காத்திருந்தேன்.

மஞ்சள் அரைத்த முதல் நாளே பாரம் தாங்காமல் மோட்டார் நின்றது. வேலையாள் பொத்தானை அமுக்கி மறுபடி ஓட்டினான். மறுபடியும் நின்றது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "போதும், நிற்பாட்டு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில் புகை வந்தது. பொங்கல் சரக்கு முடங்கியது. முதலாளி அவளுடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, என்ன அரைத்தோம் என்றுகூடச் சொல்லாமல், மோட்டார் கருகிவிட்டது என்று மட்டும் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார்:

"அண்ணை, உங்கட பழைய மோட்டார் மூலைக்குள்ளதான் கிடக்குது. அதையே பூட்டுங்கோ. அதை மாத்தினது என்ரை பிழை."

பூட்டினேன். அப்போது எனக்குள் ஊறிய இனிப்பை எழுதவே கூசுகிறது.

சில வாரம் கழித்து லா சப்பலில் ஒரு காய்கறிக் கடையில் அவளைக் கண்டேன்.

"ஆபீஸ்ல என்னை வேண்டாம்னுட்டாங்க அங்கிள். எங்க தப்பு பண்ணேன்னே புரியல. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன், சரியாத்தான் வருது."

என்மீது அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. வெண்டிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்?" என்றாள்.

"பொறாமை, பிள்ளை."

"என் மேலயா? வீசாவுக்கு நாயா அலையறேன் சார். என்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமைப்பட்டீங்க?"

'அங்கிள்' போய்விட்டது. கையிலிருந்த பையை வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனாள்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" என்று கேட்டார். பிறகு, "இனி இஞ்சை ஒண்டையும் தொடாதேங்கோ அண்ணை," என்றார்.

அவளுடைய அலுவலகத்துக்கும் போனேன். என் உடைந்த பிரெஞ்சை அவளுடைய மேலாளர் பொறுமையாகக் கேட்டார். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பியதுதான் அவளுடைய தவறு, ஆண்டு முழுவதும் என்ன அரைக்கிறார்கள் என்று அவளே சரிபார்த்திருக்க வேண்டும் என்றார். நான் அவளைக் காப்பாற்றப் போய், அவளுடைய பிழைக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். முடிவு மாறவில்லை.

விஷயம் கடைகளுக்குப் பரவியது. இப்போது ரூ பிலிப்-து-ஜிராரில் குளிர் அறை நின்றால் வேறு ஆளை அழைக்கிறார்கள். அது நியாயம்.

கோடை வந்தபோது அந்தக் காய்கறிக் கடைக்காரர்தான் சொன்னார், அவளுக்கு லியோனில் வேலை கிடைத்துவிட்டதாம், வீசாவும் சரியாம். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"என்ன வேலையாம்?" என்று கேட்டேன்.

"எஞ்சினியராம், அண்ணை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. இந்த வயதிலும், இவ்வளவுக்குப் பிறகும். நல்லது என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயைப் பொறுக்கத் தொடங்கினேன்.