ஒரே நிறத்தில் மூன்று படங்கள்

பண்டத்தரிப்பில் எல்லோரும் கிறிஸ்ரோபரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படிப்பித்தவர் அல்ல. பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவர். மருந்து அளந்து கலக்கும் பழக்கம் அங்கே வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுவதைத் தானாகவே படித்துக்கொண்டார்.

மனைவி பொன்மலர் போன மாசியில் இறந்தார். செத்தவீட்டுக்கு வந்த பிள்ளைகள் மூவரும் பத்தாம் நாள் வெளிநாடு திரும்பிவிட்டார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களுக்குப் பழைய நெகற்றிவ் ஒன்றிலிருந்து ஆளுக்கொரு படம் அச்சிட்டு அனுப்பினார். கிணற்றடியில் ஈரத்தலையோடு பொன்மலர் சிரிக்கும் படம்.

ரொறன்ரோவிலிருந்து மகன் பிறேம் தொலைபேசியில் வந்தான்.

“அக்காவுக்கு வந்த அம்மா வெள்ளை, எனக்கு வந்த அம்மா கறுப்பு. ஏனப்பா உந்த ஓரவஞ்சனை?”

“உது பகிடி விடுற விசயமில்லையடா.”

“சரி, சரி. அம்மா உண்மையிலை எந்த நிறம்?”

பொன்மலரின் நிறம் அவருக்கே நிச்சயமாக நினைவில் வரவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. ஆண்டு நினைவு ஆராதனைக்கு முன் மூன்று படங்களையும் ஒரே நிறத்தில் திரும்ப அச்சிட்டு அனுப்புவதென்று தீர்மானித்தார். கையில் படம் அச்சிடும் தாள்கள் பன்னிரண்டே இருந்தன.

குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையின் ஜன்னலைக் கறுத்தப் பொலித்தீனால் மூடி இருட்டறை ஆக்கியிருந்தார். வெயில் ஏறினால் படம் கழுவும் மருந்து சூடாகிவிடும் என்பதால் காலை ஆறரைக்கே உள்ளே போவார். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு என்று மழைத்தண்ணீருக்கு மாறினார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நேரம், வெப்பம், எத்தனை செக்கன் வெளிச்சம் என்று பென்சிலால் எழுதினார். எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒன்று கறுத்தது, அடுத்தது வெளிறியது. எட்டுத் தாள்கள் இப்படியே குப்பைக்குப் போயின.

எட்டாவதை அச்சிடும்போது கூடத்து மின்விசிறியின் கிறீச்சு மெதுவாவது இருட்டில் கேட்டது. அப்படியே நின்று காது கொடுத்தார். அடுத்த வளவில் ஜெயரூபன் வெங்காயத்துக்குத் தண்ணீர் மோட்டர் போட்டிருந்தான். மின்சாரம் தாழ, நெகற்றிவைத் தாளில் விழுத்தும் உருப்பெருக்கியின் விளக்கும் மங்கியிருக்கிறது; தாளில் ஒளி குறையப் படம் வெளிறியிருக்கிறது. தினமும் கேட்டு எரிச்சல்பட்ட அந்த இரைச்சலை அவர் அச்சுக் கணக்கில் எடுத்ததே இல்லை.

மறுநாள் காலை வேலியின் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஜெயரூபனிடம் போனார்.

“தம்பி, ஒரு மணித்தியாலம் மோட்டரை நிப்பாட்டுவியோ?”

“ஏன் மாஸ்ரர், சத்தம் காதைக் குத்துதோ?”

“சத்தமில்லை. நீ மோட்டர் போடேக்கை பொன்மலரின்ரை முகம் வெளிறுது.”

ஜெயரூபன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். “சுகமில்லையோ மாஸ்ரர்?”

அவர் விளக்கிச் சொன்னார். “அட, அன்ரியின்ரை படமே! முதலே சொல்லியிருக்கலாமே. மோட்டர் போட்டா வேலிக்கு அங்காலை இருமிக் காட்டத்தான் உங்களுக்குத் தெரியும். சரி, ஒரு மணித்தியாலம். அதுக்கு மேலை வெங்காயம் பொறுக்காது, சொல்லிப்போட்டன்.”

மூன்று தாள்களை ஒவ்வொன்றாக அச்சிட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். கன்னத்தின் சாம்பலும் ஈரக் கூந்தலின் கறுப்பும் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பிறகுதான் தனக்கென்று ஒன்று வேண்டுமென்ற எண்ணம் வந்தது. கடைசித் தாளை வைத்து விளக்கைப் போட்டதும் வேலிக்கு அப்பால் மோட்டர் இரைந்தது. ஜெயரூபனைக் குறை சொல்ல முடியாது. மணித்தியாலம் கடந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. எத்தனை செக்கன் கூட்டுவதென்று சோதிக்க வேறு தாளும் இல்லை. வழமைபோல் எண்ணி முடித்தார். முகம் வெளிறித்தான் வந்தது.

மற்ற மூன்றையும் அடுத்த நாள் தபாலில் சேர்த்தார். வெளிறியதைக் கூடத்தில் மாட்டினார். பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்க இனி அந்த வீட்டில் அதே படத்தின் வேறு அச்சு இல்லை, வந்து பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை.