எஸ்தர் டீச்சர் மாற்றிக் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பூக்கடை மல்லிகா வந்து, "யக்கா, செம்பாக்கம் எஸ்தர் டீச்சர் தவறிப்பூட்டாங்க" என்றாள். கத்தியைக் கீழே வைத்தேன். அழுகை உடனே வரவில்லை. முதலில் வந்தது அவர்மேல் எனக்கிருந்த கோபம்தான்.

டீச்சருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு எஸ்தர் டீச்சர் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கோ, பள்ளிக்கூட வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது, "நாத்தம் வகுப்புக்குள்ள வருது, தள்ளிப் போம்மா" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். அன்று நான் பச்சைப் புடவை கட்டியிருந்தேன். அதன்பின் ஆறு வருஷம் அவருக்கு மீன் கொடுக்கவில்லை. கூடை நிறைய வஞ்சிரத்தை வைத்துக்கொண்டே "வித்துப்போச்சு" என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு நோட்டோடு தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் வர ஆரம்பித்தார். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், கடை ஷட்டர்களுக்கு முன்னால் குடும்பத்தோடு படுத்துக்கிடந்த காலம் அது. வீடில்லாதவர்களின் பட்டியல் கொடுத்தால், பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடம் ஒன்றைத் திறந்துவிடுவதாக ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். மழைக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது.

டீச்சர் ஒரு காலை முழுக்க விசாரித்தார். "வீடு இருக்காம்மா?"

"கீதும்மா. செங்கம் பக்கத்துல."

கைக்குழந்தையோடு இருந்த செல்வியும் அதையேதான் சொன்னாள். நோட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. டீச்சர் என் கூடை எதிரே வந்து நின்று, "எல்லாருக்கும் வீடு இருக்காம். அப்புறம் யாருக்காக அலையறேன்?" என்று அலுத்துக்கொண்டார்.

பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை. "ஏன் டீச்சர், கட்டின புருஷன் எதிர்ல வூடு இல்லேன்னு எவ சொல்லுவா? வூடு இல்லாதவன்னா பிச்சைக்காரன்னு ஆயிடும். இவங்களுக்கு ஊர்ல வூடு கீது, பூட்டிக்கினு வந்துகீறாங்க. நேத்து எங்க படுத்தீங்கன்னு கேளுங்க."

டீச்சர் நேராகச் செல்வியிடம் போனார். "நேத்து எங்கம்மா படுத்தீங்க?"

"மருந்துக் கடை வாசல்ல."

"மழை வந்தா?"

"உக்காந்துப்போம்."

டீச்சர் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நீங்க சொன்னது சரிதான். நான் கேட்டதுதான் தப்பு" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் தப்புப் போட்டவர்.

அதிகாரி லேசில் விடவில்லை. "இவங்களுக்குத்தான் ஊர்ல வீடு இருக்கே" என்றாராம். "வீடு ஊர்ல இருக்கு சார், மழை இங்க பெய்யுது" என்றாராம் டீச்சர்.

முதல் மழைக்கு முந்தின சாயங்காலம் கூடம் திறந்தது. செல்வி குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். ரோட்டோரத்தில் அவள் அதை இடுப்பைவிட்டு இறக்கி நான் பார்த்ததில்லை. அது அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் தவழ்ந்தது. ஆனாலும் சிலர் உள்ளே வரவில்லை. விடியலில் மேஸ்திரி ஆள் எடுக்கிற இடத்தை விட்டுவந்தால் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். டீச்சர் மேஸ்திரியிடம் நாலு நாள் நடந்து, கூடத்து வாசலுக்கே வந்து ஆள் எடுக்க வைத்தார்.

அன்று மீன் நாத்தம் என்று சொன்னதற்கு மட்டும் கடைசிவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஆனால் அதன்பின் வஞ்சிரத்தை ஒளிக்காமல் கொடுத்தேன்.

பிறகு ஒரிசாக்காரர்கள் வந்தார்கள். தமிழ் தெரியாது. டீச்சர் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, எங்கே படுத்தீர்கள் என்று சைகையில் கேட்பார். அந்த வயதில் அது பார்க்க வேடிக்கையாக இருக்கும். நான் கேலி செய்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சைகைதான். நேற்று மூட்டையோடு நின்ற, தமிழ் தெரியாத இரண்டு பேரைப் பார்த்தேன். மீன் கையைப் புடவையில் துடைத்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் கையை நீட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சுவரோரத்தைக் காட்டினான்.