செவ்வாயில் உப்புத் தண்ணீர்

“அம்மா, செவ்வாய் கிரகத்துல தண்ணி இருக்கலாமாம். உப்புத் தண்ணியாம். மனுஷங்க போய்க் குடியிருக்கலாம்னு சொல்றாங்க” என்றாள் மகள், போனைப் பார்த்தபடி.

உப்புத் தண்ணீருக்கு நடுவில் குடியிருப்பதா! சிறுமியாக இருந்தபோது ஒருநாள் நான் அப்படி இருந்திருக்கிறேன், மரக்காணம் உப்பளத்தில்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் ஓடிப்போய் உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடினார்கள். பாய் பறக்காமலிருக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் அதன்மேல் வைத்தார் அப்பா. குடிதண்ணீர்க் குடத்தையும்தான். காற்று பாயைத் தூக்கியதில் குடம் உருண்டு தண்ணீரெல்லாம் உப்புப் பாத்தியில் கொட்டிவிட்டது. விடாமல் பாயை இழுத்துப் பிடித்து உப்பைக் காப்பாற்றினார்கள். அதற்குள் மழையும் நின்றுவிட்டது.

வரப்பு உடைந்து ஊருக்குப் போகும் வழி மூழ்கியிருந்தது. நாங்கள் ஒதுங்கிய கொட்டகையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை உப்புத் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது.

“தாகமா இருக்குதும்மா.”

“பேஞ்ச மழையில ஒரு சட்டியாவது வெச்சிருக்கலாம். உப்பையே பாத்துக்கிட்டு இருந்துட்டோமே” என்ற அம்மா, என் வாயில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள். “முழுங்கிடாத. சப்பிக்கிட்டே இரு, எச்சில் ஊறும்.”

மறுநாள் படகு வரும்வரை சப்பினேன்.

“அங்க மழை பெய்யுமாடி?” என்று மகளிடம் கேட்டேன்.

“பெய்யாதும்மா.”

என் நாக்கு வாய்க்குள் புளியங்கொட்டையைத் தேடியது.