பிளக்குக்கு வைத்த பொட்டு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எங்கள் வீட்டுப் பழைய காருக்கு நான்தான் டிரைவர். போன ஆயுதபூஜைக்குக் காரின் வெளியே பொட்டு வைத்தது போதாமல், பானெட்டைத் திறந்து எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பினேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவுக்குப் பிரசவ வலி. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். புதுச்சத்திரம் வருவதற்குள் கார் டப்டப்பென்று உதறித் திணறியது. வழியிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே, "இஞ்சினை எறக்கோணும் தம்பி. வண்டியை உட்டுட்டுப் போ" என்றார்.

"மொதல்ல எங்கக்காளை ஆஸ்பத்திரியில எறக்கோணுமுங்க. இஞ்சின் அப்பறம் எறங்கட்டும்."

"நீயென்ன பெரிய மெக்கானிக்கா?"

"இல்லீங்க, பெயிலானவன். அதனால பயமில்லீங்க!"

எஞ்சினை ஓடவிட்டு, காய்ந்த துணியால் பிடித்து ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டினேன். இரண்டைக் கழற்றியபோது எஞ்சின் இன்னும் தடுமாறியது. மற்ற இரண்டைக் கழற்றியும் சத்தம் மாறவே இல்லை. அவைதான் வேலை செய்யவில்லை. குனிந்து பார்த்தால், அந்த இரண்டின் வெள்ளைப் பீங்கான்மேலும் நான் அப்பிய சந்தனம் தடிமனாக, ஈரம்கூடக் காயாமல் இருந்தது; மற்றவற்றில் காய்ந்து உதிர்ந்திருந்தது. கரண்டு பொறியாகாமல் அந்த ஈரத்தின் வழியாகவே ஒழுகியிருக்கிறது.

"உன்ற வேலைதானாடா? பெத்துட்டு வந்து உதைக்கறேன்" என்று அக்கா பல்லைக் கடித்தாள். எஞ்சினை அணைத்து, சட்டையைக் கழற்றிப் பிளக்குகளைத் துடைத்தேன். கார் பறந்தது. பெண் குழந்தை.

இந்த வருஷம் பொட்டெல்லாம் பானெட்டுக்கு வெளியேதான். "சாமி குத்தமாயிரும்டா" என்று அப்பா அலறினார்.

"சாமி கோவிச்சுக்கிட்டா வந்து காரைத் தள்ளட்டுமுங்க" என்று பானெட்டை மூடிவிட்டேன்.