விளக்குமாற்றுக் கழியில் ஏறிய ஓணான்

இலங்கையில், பதுளை அரசாங்கப் பூந்தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருக்கும். அதற்கு முன் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் இருந்தோம். அவர் செடி வெட்டுவார். நான் கூட்டுவேன், புல் பிடுங்குவேன். நான் கூட்டின இடத்தில் சோறு கொட்டிச் சாப்பிடலாம். இதை நானாகச் சொல்லவில்லை, பூந்தோட்டம் பார்க்க வந்தவர்கள் சொன்னது.

அந்த மாசி மாதம் ஒரு கிழட்டுத் துரை வந்தார். காப்பித் தோட்டம் வைத்திருந்து, நோய் விழுந்து காப்பிச் செடி செத்த பிறகு தொழிலை விட்டவராம். மூன்று கால் வைத்த மரப்பெட்டி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள் அடுக்கிய தகரப் பெட்டி, இவ்வளவும் அவரோடு வந்தன. ரோசாப் பூவைப் படம் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செம்பருத்தி வேலிக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டார்.

"இந்தத் தொரைக்கு ஓணான் படம் வேணுமாம்," என்றார் வீட்டுக்காரர்.

"ஓணானையா? அது எதுக்குங்க?"

"சீமையில ஓணான் இல்லையாம் புள்ள. பொண்ணு பாக்குறதுக்குக் கேக்குறாங்களோ என்னமோ."

எங்கள் ஊர்ப் பக்கம் ஓணானைக் கண்டால் கல்லெடுப்பார்கள். இங்கே ஒரு வெள்ளைக்காரர் அதற்கு முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். வேலியில் ஒரு கிடா ஓணான் இருந்தது. உடம்பு பச்சை, கோபம் வந்தால் தலையும் தொண்டையும் செக்கச்செவேல் என்று ஆகும். அது தலையை ஆட்டும். துரையும் மெதுவாகத் தலையை ஆட்டுவார். தகட்டைச் சொருகி மூடியைத் திறப்பதற்குள் அது ஓடிவிடும். நாலு தகடு அப்படியே வீணாய்ப் போயிற்று.

அது எந்தெந்த நேரம் எங்கே வெயில் காயும் என்பது எனக்குத் தெரியும். தினம் கூட்டுகிறவளுக்குத் தெரியாதா? அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். துரை சந்தோசப்பட்டுத் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "நல்ல பொம்பளை. ஓணான் படம் கிடைச்சா, கடைசித் தகடு உனக்கு. நீ, புருசன், ரெண்டு பேரும் நில்லு."

அதைக் கேட்டதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மதுரைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா இருந்தாள். நான் கப்பலேறி ஆறு வருசம். இங்கே பட்டினி கிடக்கிறேன் என்று யாரோ போய்ச் சொல்லி, அழுது கண் மங்கிப் போயிற்று அவளுக்கு. நன்றாக இருக்கிறேன் என்று ஆள் பிடித்து எழுதி எத்தனை கடுதாசி போட்டாலும் நம்பவில்லை. ஒரு படம் போனால் நம்புவாள்.

துரை இன்னும் மூன்று நாள்தான் பதுளையில் இருப்பார், பிறகு வண்டியேறிவிடுவார் என்றார்கள். மறுநாள் விடியுமுன்னே போனேன். தேயிலைத் தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் லயத்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்போம் அல்லவா, அந்தப் பழக்கம். வேலியடியில் கிடந்த சருகை எல்லாம் கூட்டி அள்ளிக் கொளுத்தினேன். வேலியில் நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த குச்சிகளை ஒடித்துப் போட்டேன். கல்கட்டில் படிந்த பாசியையும் விடவில்லை, தேங்காய் நாரால் தேய்த்தேன். எல்லாம் முடிந்தபோது வேலி கல்யாண வீடு மாதிரி இருந்தது.

துரை வந்து பார்த்தார். வேலியைச் சுற்றி வந்தார். ஒரு ஓணான் இல்லை, ஒரு அரணை இல்லை. தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார்.

"யார் கூட்டினது?"

"நான்தாங்க தொரை. நல்லாக் கூட்டியிருக்கேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னதை வீட்டுக்காரர் எனக்கு விளங்கவைத்தார். சருகில்தான் பூச்சி இருக்கும், பூச்சிக்குத்தான் ஓணான் வரும், காய்ந்த குச்சிதான் அது உட்காரும் நாற்காலி.

"நாற்காலியை ஒடிச்சு, சோத்தைக் கொளுத்திட்டு, விருந்தாளியைக் காணோமேன்னு நிக்கிறோம்," என்றார் வீட்டுக்காரர்.

"வாயை மூடிக்கிட்டு ஒரு கூடை எடுங்க," என்றேன்.

அன்றைக்கு முழுக்கக் குப்பைக் குழியிலிருந்து சருகை அள்ளி வந்து நான் கூட்டின இடத்திலேயே கொட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கை கூசியது, ஆனாலும் கொட்டினேன். காய்ந்த குச்சிகளைப் பொறுக்கி வேலியில் பழையபடி சொருகினேன். அடுத்த நாள் இரண்டு அரணைகள் வந்தன. கிடா ஓணான் ஒருதரம் எட்டிப் பார்த்தது. துரை அவசரப்பட்டு இன்னும் இரண்டு தகடு கெடுத்தார். கடைசியில் மிஞ்சியது ஒன்று.

ஒரு தகடு. அதை ஓணானுக்குத்தான் வைப்பார், எனக்கில்லை என்று தெரிந்துபோயிற்று. இருந்தாலும் மூன்றாம் நாள் காலையில் கல்யாணச் சிவப்புச் சேலையை மூட்டை கட்டிக் கொண்டுபோனேன். மனசு கேட்கவில்லை.

வேலியிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தேன். இடுப்பில் வேலைக்குக் கட்டும் சாக்குப் படங்கு. கையில் நீளக் கழி கட்டிய விளக்குமாறு. அதை நிலத்தில் ஊன்றிப் பிடித்தபடி, ஓணான் போனது போனதுதானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. கழி லேசாக அசைந்தது. குனிந்து பார்த்தேன். சருகுக்குள்ளிருந்து வந்த கிடா ஓணான் கழியைப் பற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் கையைத் தாண்டி, தோளுக்கு நேராகக் கழி நுனியில் போய் உட்கார்ந்தது. தொண்டை சிவந்தது.

"ஆடாதே," என்றார் துரை, காதில் ரகசியம் சொல்வதுபோல. பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார். கறுப்புத் துணிக்குள் போனார், வந்தார், தகட்டைச் சொருகினார். சருகில் நின்ற காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூடி திறந்து மூடிய பிறகுதான் ஓணான் குதித்தது. நானும் குதித்தேன்.

"நல்ல பொம்பளை," என்றார் துரை. "ஓணானும் வந்தது, நீயும் வந்தது."

தகடு தீர்ந்தது. சிவப்புச் சேலை மூட்டையிலேயே கிடந்தது.

ஒரு மாதம் கழித்துத் துரை அனுப்பிய படம் வந்தது. தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் நான் இருந்தேன். நல்லவேளை, விளக்குமாற்றுத் தலை படத்துக்குள் வரவில்லை. ஆனால் சாக்கு நன்றாகத் தெரிந்தது. இதை அனுப்பமாட்டேன் என்றேன்.

"ஓணான் எவ்வளவு மிடுக்கா உக்காந்திருக்கு பாரு," என்றார் வீட்டுக்காரர். "நீ அதைவிட மிடுக்கா நிக்கிற. அனுப்பு புள்ள."

நான் முறைத்துக்கொண்டிருந்த முகம்தான் அது, எறும்புக் கடியில். பார்க்கப் பார்க்க எனக்கே பிடித்துப்போய் அனுப்பிவிட்டேன்.

ஐப்பசியில் பதில் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. தபால்காரரையே நிறுத்தி வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம், அந்தக் கடுதாசியை வைத்துத்தான். அதில் இருந்தது இது: உன் தோளுக்குச் சதை வந்திருக்கிறது, கண்டேன். இடுப்பில் கனத்த சேலை கட்டியிருக்கிறாய். கையில் செங்கோல் மாதிரிக் கழி, அதன் மேல் கிளி. மீனாட்சி மாதிரி நிற்கிறாய் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. கிளிக்குப் பழம் போடு, பட்டினி போடாதே. நான் இனி அழமாட்டேன்.

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு கடுதாசியிலும் கிளி சுகமாக இருக்கிறது என்று எழுதினேன். அந்த வேலியடியை மட்டும் நான் பிறகு கூட்டவே இல்லை.