அடி அண்ணாமலையில் நிறைவுப் போட்டி

'நிறைவுப் போட்டி', அதாவது பெர்ஃபெக்ட் காம்பெடிஷன், என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பி.ஏ. பொருளியல் முதல் செமஸ்டரில் எங்கள் பேராசிரியர் அந்தப் பாடத்தை நடத்தவில்லை, வாசித்தார். பழுப்பேறிய நோட்ஸை அவர் வாசிக்க வாசிக்க, கமா, முற்றுப்புள்ளி உட்பட நாங்கள் எழுதிக்கொண்டோம். அதில் ஒரு வரி: சந்தையில் எந்தக் கடையில் என்ன விலை என்பது வாங்குவோர் அனைவருக்கும் முழுமையாகத் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பா வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவார். பழம் பிழிந்து பிழிந்தே வளர்ந்தவள் நான். மலையைச் சுற்ற வருகிறவர்கள் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். தாண்டி வந்த கடையில் விலை கம்மி என்று தெரிந்தாலும் திரும்பிப் போக மாட்டார்கள். கிரிவலத்தில் யாரும் பின்னோக்கி நடப்பதில்லை. முன்னால் இருக்கும் கடையில் என்ன விலை என்பதோ போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அடுத்த கடை தூரமாக இருக்கிற இடத்தில் விலை ஏறும். எங்கள் கடை அப்படிப்பட்ட இடத்தில்தான் இருந்தது.

அசைன்மென்டில் இதை எழுதினேன். நியாயம் என்று எழுதவில்லை, நடக்கிறது என்று எழுதினேன். நானாக யோசித்து எழுதிய முதல் பக்கம் அது. பேராசிரியர் அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.

"இது எந்த புக்குல இருக்கு?"

"புக்குல இல்ல சார். எங்க ஊர்ல நடக்குது."

"கோயில் குளம் கதையெல்லாம் எகனாமிக்ஸ்ல கொண்டாராதம்மா. குடுத்த நோட்ஸை எழுது."

வகுப்பே சிரித்தது. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து, நோட்ஸை ஈயடிச்சான் காப்பி அடித்தவளுக்கு இன்டர்னலில் முழு மார்க். எனக்குப் பிச்சை போட்ட மாதிரி கொஞ்சம்.

இன்டர்னலில் போனதை இறுதித் தேர்வில்தான் ஈடுகட்ட வேண்டும். வீட்டில் என்னைக் காலேஜுக்கு அனுப்பியதே அரை மனதாக. "ஒரு அரியர் வுழுந்தாலும் நிறுத்திடுவேன். கடையில வந்து ஒக்காரு" என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. நிறைவுப் போட்டியின் இயல்புகளை விளக்குக. அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு நோட்ஸை அப்படியே வாந்தி எடுத்தேன். 'அனைவருக்கும் முழுமையாகத் தெரியும்' என்ற வரியையும் விடவில்லை. நல்ல மார்க்கில் தேறினேன். ஜூஸ் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா பெருமை பேசினார். நான் தலை நிமிராமல் பழம் பிழிந்தேன். கண்ணால் பார்த்ததற்குக் கோடு, பார்க்காததற்கு மார்க் என்றால் அது என்ன படிப்பு?

ரிசல்ட் வந்த பிறகு ஒரு பௌர்ணமி. சாயங்காலக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி, வெறுங்காலோடு, வேர்த்து விறுவிறுத்து அந்தப் பேராசிரியர் எங்கள் கடை முன்னால் வந்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். விலையைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"என்னம்மா அநியாயமா இருக்குது! பின்னாடி கடையில இதைவிட கம்மிக்கு குடுத்தானே?"

"அங்கயே போய் குடிங்க சார்."

திரும்பிப் பார்த்தார். பாதை நிறைய ஜனம் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"வலம் வரும்போது யாராச்சும் திரும்பி நடப்பாங்களா?"

"அதைத்தான் சார் நான் அசைன்மென்ட்ல எழுதியிருந்தேன். நீங்க கோடு போட்டுட்டீங்க."

புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்த அசைன்மென்ட்டும்மா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளருக்குக் கையை நீட்டினார்.