தனிக்குடித்தனத்துக்குத் துணை

என் கணவர் ஒரு மாதமாக வேன் வீட்டு வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கோ வெளிநாட்டில் ஒரு ஜோடி வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. வாடகை இல்லை, கையில் காசு மிச்சம், யார் தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சென்னையில் நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு அந்தச் சிரிப்பு யாரையும் மயக்கும். நாமும் ஒன்று வாங்கிவிடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார். இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அனுபவம் உண்டு. அதிலும் நான் ஒரு வேன் வீட்டில் உத்தியோகமே பார்த்தவள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் இருந்ததெல்லாம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி வீடுகள். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா எல்லோரும் வரிசையாகப் படுத்துக்கொள்வோம். ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. புதுப் பாய் ஒன்றும் அதே கூடத்தில் விரிந்தது. சித்தி வந்ததில் எங்களுக்குக் கொள்ளை சந்தோஷம். விளக்கை அணைத்த பிறகும் அண்ணன்கள் அவளுக்கு விடுகதை போட்டுக்கொண்டே இருப்பார்கள். சித்தப்பாதான் தூங்குங்கடா என்று அதட்டுவார். கல்யாணத்துக்கு முன்னால் விடுகதையை ஆரம்பித்துவைத்ததே அவர்தான். கல்யாணமானால் மனுஷனுக்குத் தூக்கம் அதிகமாகிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிற வேலை. அறுப்பு தொடங்கினால் எந்த ஊர் வயல் முற்றியிருக்கிறதோ அந்த ஊரில்தான் அவருக்குச் சோறும் படுக்கையும். ஒரு நாள் காலையில் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மஞ்சள் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்துப் படுக்கை போட்டிருந்தார். ஒரு அடுப்பு, இரண்டு குடம், துணி காயப்போட ஒரு கொடி. நாங்கள் தனிக்குடித்தனம் போகிறோம் என்று அறிவித்தார். ஊருக்கு ஊர் ஹோட்டலில் தின்கிற காசு மிச்சம், வாடகை மிச்சம், மிச்சம் பிடித்து மனை வாங்கி வீடு கட்டப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நம்ம தாத்தாவெல்லாம் பண்ணையில இருன்னா இருக்கணும், போன்னா போகணும். இப்பதான் பட்டா வாங்கி ஒரு எடத்துல உக்காந்திருக்கோம். நீ என்னடான்னா சக்கரத்துல குடியிருக்கப் போறேங்கற.”

“அவங்கள அடுத்தவன் போகச் சொன்னான். இது நானா போறதுண்ணே,” என்றார் சித்தப்பா.

வாதத்தில் தோற்றால் அப்பா நிபந்தனை போடுவார். குறுவை அறுப்பு முடிகிறவரை இருந்து பார், சரிப்பட்டு வராவிட்டால் வேனை விற்றுவிட்டு மரியாதையாகக் கூடத்துக்கே வந்துவிட வேண்டும் என்றார். சித்தப்பா ஒப்புக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற சித்தியும் வேகமாகத் தலையாட்டினாள்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. “அந்தப் புள்ள புது ஊர்ல பகலெல்லாம் வண்டில தனியா கெடக்கும். இவளுக்குக் காலாண்டு லீவுதான். துணைக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி.”

எங்கள் பக்கத்தில் துணைக்கு என்று ஒரு பிள்ளையை அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல வழக்கமில்லை. சொல்வதென்றால் காரணம் சொல்ல வேண்டும். சித்தப்பா என்ன காரணம் சொல்வார்? வாயைத் திறந்தார், அண்ணியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறியிருந்தேன்.

என் கடமையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சித்தி குளத்துக்குப் போனால் நானும் போவேன். ஓரத்தில் படுத்தால் உருண்டு விழுந்துவிடுவேன் என்று பலகையில் நடு இடம் எனக்கு. அண்ணன்கள் இல்லாத குறை தெரியக்கூடாதே என்று படுத்ததும் விடுகதைகளை நானே போட்டேன். சாயங்காலம் சித்தப்பா பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்ததும் முறுக்கு வாங்கிக்கொள்ளக் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புவார். ஓட்டப்பந்தயத்தில் நான் கெட்டிக்காரி. போன சுருக்கில் திரும்பிவிடுவேன். “அதுக்குள்ள வந்துட்டியா?” என்பார். பாராட்டுகிறார் என்று எனக்குப் பெருமை தாங்காது. மறுநாள் இன்னும் தள்ளியிருக்கிற கடைக்கு அனுப்புவார். நான் இன்னும் வேகமாக ஓடுவேன். ஒருநாள் மெயின் ரோட்டில் நின்று மன்னார்குடி பஸ் போகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். பாதி வழியிலேயே டீக்கடையில் விசாரித்தேன். பஸ் போய்விட்டது என்றார்கள். பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

நான் ஒருத்திதான் தொந்தரவு என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூட வேனுக்குச் சுற்றிலும் ஜன்னல். சித்தி கல்யாணத்துக்கு வந்த புடவைகளைத் திரையாகக் கட்டினாள். திரை கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போக எந்த ஊர்க்காரருக்கும் மனசு வராது. புடவையை விலக்கி, எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள, என்ன குழம்பு என்று விசாரிப்பார்கள். முருங்கைக்கீரையோ நாலு கத்தரிக்காயோ கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த வகையில் சித்தப்பா சொன்ன மிச்சம் நன்றாகவே மிச்சமானது. ஒரு பெரியவர் வேளாங்கண்ணி போகுமா என்று கேட்டுக்கொண்டே ஏறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். போகாது என்று புரியவைப்பதற்குள் சித்தி அவருக்கு டீயே போட்டுக்கொடுத்தாள். நாளாக ஆகச் சித்தப்பாவுக்குச் சிடுசிடுப்பு கூடியது. பேசாமல் வேனை வித்துரலாமா என்று ஒரு சாயங்காலம் அவர் சித்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஆனந்தம். சித்தியும் விடுகதையும் கூடத்துக்குத் திரும்பிவிடும் அல்லவா!

கடைசியாக நின்ற ஊரில் அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்தை ஒட்டி வேனை நிறுத்தியிருந்தோம். வாசலில் நெல் குவியல் குவியலாக முறைக்குக் காத்துக்கிடந்தது. மத்தியானம் சித்தப்பா வயலில் இருந்தபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆளாளுக்குப் படுதாவை இழுத்துக் குவியலை மூட ஓடினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா அன்று காலைதான் டிராக்டரில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே படுதா, அதுவும் கிழிசல். நனைந்த நெல்லை ஈரப்பதம் என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். ஒரு போகத்து உழைப்பு அந்த மூட்டைகளில் இருந்தது. அவர் வானத்தையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சித்தி யாரையும் கேட்கவில்லை. படுக்கையைச் சுருட்டி எறிந்தாள், பின்கதவைத் திறந்தாள்.

“உள்ள கொண்டாங்கக்கா. எடம் இருக்கு.”

சுமை தூக்குகிறவர்கள் ஓடிவந்து அடுக்கினார்கள். பலகைமேலும் கீழும், இரண்டு பக்கமும் ஜன்னல் மறைகிற உயரத்துக்கு மூட்டைகள் ஏறிவிட்டன. உள்ளே நுழையாத இரண்டு மூட்டைகளுக்குத் திரைப்புடவைகளை அவிழ்த்துப் படுதாவுக்கு அடியில் சுற்றினாள். கடைசி மூட்டை மறைவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

சித்தப்பா நனைந்துகொண்டே வந்தார். வீடு இருந்த இடத்தில் நெல் இருந்தது. உட்காரக்கூட வழியில்லை. மூட்டைகளுக்கு மேலே கூரைக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். இனிமேல் கூடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அந்த அக்கா நெகிழ்ந்துபோயிருந்தார். மழை விடும்வரை நெல் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்றார்.

நான் விடுவேனா? “நான் வரமாட்டேன். அம்மா என்னைத் துணைக்கு அனுப்பியிருக்காங்க.”

அக்கா சித்தியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதான் இத்தன மூட்டை இருக்கே துணைக்கு. நீ வா தாயி.”

சித்தப்பா அவ்வளவு வேகமாகக் குடை விரித்து நான் பார்த்ததில்லை.

அக்கா வீட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நெல் மூட்டைமேல் படுத்தால் சுணை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் முதல் வேலையாக வேனுக்கு ஓடினேன். நினைத்தபடியே இருவர் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. சித்தியின் தலையெல்லாம் பதர். இருவரும் சொறிந்துகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சித்தப்பா, “அதுக்குள்ள வந்துட்டியா?” என்றார். அன்று வேனை விற்பதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

லீவும் குறுவை அறுப்பும் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சித்தப்பா நாலு வீடு தள்ளி வேனை நிறுத்தப் போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டார். என் வாயில்தான் தீர்ப்பு இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அவர்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். “வண்டி பூரா நெல்லு மூட்டைப்பா. ஜன்னலெல்லாம் அடைச்சுப்போயி ஒரே இருட்டு. என்னையும் வேற வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாவம், ரெண்டு பேரும் மூட்டைமேலயே கெடந்து சொறிஞ்சுக்கிட்டே இருந்தாங்க.”

புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

“சரி. வேனே இருக்கட்டும்.”

இவ்வளவு சாட்சி சொல்லியும் வழக்கு ஏன் தோற்றது என்று எனக்கு விளங்கவில்லை. அரைப்பரீட்சை லீவுக்கு என் உத்தியோகமும் போய்விட்டது. இனிமேல் துணை வேண்டியதில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாள். நான் அழுது பார்த்தேன், பலிக்கவில்லை.

சித்தப்பா சொன்னபடி மிச்சம் பிடித்து நன்னிலத்தில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களையெல்லாம் நேரே படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார். அதனால் வேன் வாங்கலாம் என்றுதான் என் கணவரிடமும் சொல்லியிருக்கிறேன். அவருடைய அம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு மூச்சுவிட வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னேன். துணைக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

அந்த மழைக்கு அடுத்த ஆனியில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கு வைத்த பெயர் ஒன்று, சித்தப்பா கூப்பிட்டது மூட்டை என்று. பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தான். ஒல்லிப் பிள்ளையை இப்படியா கேலி செய்வார்கள் என்று நான் சித்தப்பாவோடு சண்டை போட்டேன்.